ஐஸ் கட்டிலுக்கு உமி மெத்தை

டீச்சர், உங்களிடம் நீலப் பேனா இருக்குமா? சிவப்பு வேண்டாம். இது கவர்மெண்டுக்குப் போகிற தாள். அதுவும் வெளிநாட்டுக் கவர்மெண்டு.

டீச்சர் என்று எப்படித் தெரியும் என்றா பார்க்கிறீர்கள்? மடியில் விடைத்தாள் கட்டு இருக்கிறதே. அரையாண்டுப் பரீட்சைதானே? வெளிச்சம் வந்ததிலிருந்து பதினாலு தாள் திருத்திவிட்டீர்கள், எண்ணிக்கொண்டுதான் வந்தேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் நாலு என்று போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துவிட்டு, நாலை அடித்து ஐந்து போட்டீர்கள். அப்போதே நினைத்தேன், இவர்களிடம் கேட்கலாம் என்று.

ஒரு பத்தியும் ஒன்றிரண்டு கட்டமும்தான் பாக்கி. கண்ணாடியை ஊரிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சட்டைப்பையில் இருப்பதா? இது தூரத்துக்கு. எழுத்துக்கு உதவாது.

இருங்கள், உடனே எழுதிவிட வேண்டாம். விஷயம் தெரியாமல் எழுதினால் போன தடவை மாதிரி ஆகிவிடும். மேல்மருவத்தூர்தான் தாண்டியிருக்கிறோம், எழும்பூருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒன்பதரைக்கு ஏஜெண்டிடம் கொடுத்தால் போதும். இந்தத் தாளைப் பார்த்து அவன் கம்ப்யூட்டரில் அடிப்பான். பதினொரு மணிக்கு விசா ஆபீசில் கைரேகை. எதிரே போர்த்திப் படுத்திருப்பது என் வீட்டுக்காரி, ரூபாவதி. நல்ல தூக்கம். கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

என் பெயர் ஞானசிகாமணி. தூத்துக்குடி. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பிளாண்டில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டர். போன வருஷம் ஓய்வு. படகுக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போகிறார்களே பார் ஐஸ், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக, அது நம்ம கையால் இறங்கியது. எத்தனை லட்சம் பார் என்று கேட்காதீர்கள்.

இப்போது என் திட்டம் என்னவென்றால், நார்வே என்று ஒரு நாடு இருக்கிறது. அதன் வடக்குக் கோடியில் ஒரு ஹோட்டல். முழுக்க ஐஸ். சுவர் ஐஸ், கூரை ஐஸ், படுக்கிற கட்டில் ஐஸ். மழைக்காலம் வந்தால் நாம் கூரை மாற்றுகிற மாதிரி, வருஷா வருஷம் புதுசாகக் கட்டுவார்கள். வெயில் வந்தால் உருகி ஆற்றோடு போய்விடும். அதில் ஒரே ஒரு ராத்திரி தங்க வேண்டும். இவ்வளவுதான். ஒரு மனுஷன் ஒரு ராத்திரி ஓரிடத்தில் படுத்து எழுந்து வருவதற்கு எட்டு மாசமாக நான் படுகிற பாடு, நாய் படாது டீச்சர்.

கேட்டவன் எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறான். "என்ன அண்ணாச்சி, மகளைப் பாக்கப் போறீயளாக்கும்?"

மகளைப் பார்க்க இல்லை. ஐஸ் ஹோட்டல் பார்க்க. எத்தனை தடவை சொல்வது?

அந்த ஹோட்டலிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ரூபாவின் மகள் இருக்கிறாள். ஆமாம், எனக்கும் மகள்தான். ஒரே மகள். மீன்வளம் படித்தாள், மேல்படிப்புக்கு அங்கே போனாள், அங்கேயே வேலை. ஆறு வருஷமாக எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஐஸ் ஹோட்டலை எங்கே கட்டுகிறானோ அங்கேதானே போய்த் தங்க முடியும்? அவள் அதற்குப் பக்கத்தில் குடியிருந்தால் நான் என்ன செய்ய?

இந்த ஹோட்டலை நானாகக் கண்டுபிடித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் காலையில் காப்பி குடிக்க உட்கார்ந்தேன். ரூபாவின் போன் சீனி டப்பாவில் சாய்ந்து நின்றுகொண்டு படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள், அணைக்க மறந்துவிட்டாள். பார்த்தால் ஐஸ் சுவர். மறுநாளும் அப்படியே மறந்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாளும். வயசாகிறது இல்லையா, மறதி. ஆனால் அந்த மறதியால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

நான் தொழில்காரன், சாதாரணமாகப் பார்க்க மாட்டேன். எங்கள் பாரை உடைத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு ஓடும். காற்று வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. இவர்கள் ஐஸில் அது இல்லை. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிகிறது. ஆற்றிலிருந்து அறுத்து எடுக்கிறார்கள். ஆறு அவசரப்படாமல் மேலேயிருந்து உறைந்துகொண்டே போகும், காற்றைக் கீழே தள்ளிவிடும். முப்பத்தொரு வருஷம் அந்த வெள்ளைத் தண்டோடு மல்லுக்கட்டியவன் நான். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? இது நியாயமான ஆசையா இல்லையா?

என் கூட வேலை பார்த்த செல்வின் கேட்டான், "ஏம்வே, முப்பத்தோரு வருஷம் ஐஸ்ல கிடந்தது பத்தாதா? இனி அதுலயே படுக்கவும் செய்யணுமா?"

"உள்ளே மைனஸ் அஞ்சுதான்வே," என்றேன். "நம்ம உப்புத்தண்ணித் தொட்டியே மைனஸ் பத்து. அவனுக்கு அது குளிர், நமக்கு அது வேலை."

சரி. முடிவு பண்ணிவிட்டோம். முறையாகத் திட்டம் போட வேண்டும் இல்லையா? ஏஜெண்டை உட்கார வைத்து ஹோட்டலுக்கு மெயில் போடச் சொன்னேன். கட்டில் என்ன உயரம், கதவு உண்டா, பாத்ரூம் எங்கே, சுவர் எத்தனை அடி கனம். இருபத்திரண்டு கேள்வி. அவர்கள் எட்டுக்குத்தான் பதில் போட்டார்கள். கதவு கிடையாதாம், திரைதானாம். பாத்ரூம் பக்கத்துக் கட்டடத்திலாம். ஐஸ் எத்தனை நாளில் உறைகிறது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. தொழில் ரகசியம் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு வரி. ஐந்து வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் ராத்திரி தங்கக் கூடாது.

இது என்ன சட்டம் டீச்சர்? எனக்கு அதனால் ஒன்றும் இல்லை, பொதுவாகக் கேட்கிறேன். நாலே முக்கால் வயசுப் பிள்ளைக்குக் குளிரும், ஐந்து வயசுப் பிள்ளைக்குக் குளிராதா? மறுபடி மெயில் போட்டேன். சட்டம் சட்டம்தான் என்று விட்டார்கள். சரி போ என்று பிப்ரவரி பத்தொன்பதாம் தேதிக்கு அறை போட்டேன்.

ரூபா கேட்டாள், "சனவரியிலேயே போகலாமே. பத்தொம்பது என்ன கணக்கு?"

"அப்போதான் ஐஸ் நல்லா இறுகியிருக்கும்."

"பதினேழாம் தேதி பாப்பாவுக்கு அஞ்சு முடியுது."

"எந்தப் பாப்பா?"

"நம்ம பேத்தி."

"அப்படியா? எனக்கென்ன தெரியும்," என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள். ஐஸ் இறுகுவதைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

அறையும் நாலு பேர் படுக்கிற அறை. ரெண்டு பேருக்கு எதற்கு நாலு கட்டில் என்று ஏஜெண்டு கேட்டான். தாராளமாக இருக்கட்டுமே என்றேன். சாமான் வைக்க வேண்டும். ஸ்வெட்டர் கழற்றிப் போட வேண்டும். நாலு கட்டில் என்றால் நாலு பேர் என்று ஏன் நினைக்கிறார்கள்? அப்படியே நாலு பேர் என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பையன் அந்த ஊரிலேயே பிறந்தவன், வீட்டில் சூடாகப் படுத்துக்கொள்வான். அவனுக்கு ஐஸ் என்ன அதிசயமா?

எந்தப் பையனா? ரூபாவின் மருமகன்.

சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன் வருகிறது. "அப்பா, வெள்ளிக்கிழமை நாங்க ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்." யாரோடு? கூட வேலை பார்க்கிற பையனாம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பன் காலத்திலேயே அங்கே போய்க் குடியேறியவர்கள். நம்ம வேதம்தான். படிப்பு இருக்கிறது, நல்ல வேலை இருக்கிறது, குடி கிடையாது. ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் டீச்சர் இன்னும் எரிச்சல். ஒரு குறை இருந்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டால் எப்படியும் ஒரு நாள் முடிந்திருக்கும்.

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாகிட்ட புதன்கிழமையே சொல்லிட்டேன்பா."

புதன்கிழமை. அம்மாவுக்கு ரெண்டு நாள் முன்னால். அப்பனுக்கு ரெண்டு நாள் பின்னால். என்ன கணக்கு இது? புதன், வியாழன், வெள்ளி, சனி என்று நாலு நாள் இந்த ரூபா எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், மீன் குழம்பு வைத்திருக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. "சரி, வை," என்று போனை வைத்தேன். அதோடு சரி.

ரூபாவிடம் கேட்டேன், எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று. அவள் சொல்கிறாள், "நீங்க பேச ஆரம்பிச்சா மத்தவங்க வாயைத் திறக்க வழி உண்டா? அந்தப் பிள்ளை நாலு தடவை சொல்ல வந்துச்சு. நாலு தடவையும் நீங்க பிளாண்ட் அம்மோனியா பைப்பைப் பத்திப் பேசி முடிச்சு போனை வச்சிட்டீய."

நானா? நான் அதிகம் பேசுகிறவனா? நீங்களே சொல்லுங்கள் டீச்சர். சரி, நீங்கள் எதற்குச் சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். நான் தேவைக்குத்தான் பேசுவேன்.

பேத்தி பிறந்தபோது ரூபா பிரசவம் பார்க்கப் போவதாக இருந்தது. போ, நானா தடுக்கிறேன் என்றுதான் சொன்னேன். அந்த மாசம் பார்த்து எனக்குக் குடலிறக்கம், ஆப்பரேஷன். நானா அதை வா என்று கூப்பிட்டேன்? இவள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். தையல் இந்தப் பக்கம் இருந்தது, அதனால்.

தினமும் சாயங்காலம் ரெண்டு பேரும் பேசுவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். எங்கள் வீட்டுக் கரெண்டு மீட்டர் அடுக்களைச் சன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது. நான் அந்த நேரத்தில் மீட்டர் பார்க்கப் போவேன். கரெண்டு எவ்வளவு ஓடுகிறது என்று தினமும் பார்ப்பது நல்லதுதானே? அப்படி நிற்கும்போது ஒன்றிரண்டு காதில் விழும். பாப்பாவுக்குப் பல் முளைத்தது. பாப்பா யாழ்ப்பாணத் தமிழில் "கதைக்கிறா". பாப்பாவுக்கு ஐஸ் என்றால் பயமே இல்லை. அது யாரைக் கொண்டதோ.

இதை விடுங்கள், மெத்தை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

ஹோட்டலில் ஐஸ் கட்டில் மேல் மான்தோல் விரிப்பானாம். தோல் எப்படித் தாங்கும்? ஐஸ் பாரை உமிக்குள் புதைத்து வைத்தால் ரெண்டு நாளானாலும் உருகாது. வெளிச் சூடு உள்ளே போகாது. அப்படியானால் ஆளை உமிக்கு மேல் படுக்க வைத்தால் ஐஸின் குளிர் மேலே வராது. ரெண்டும் ஒரே கணக்குத்தானே? இது எந்த நார்வேக்காரனுக்கும் தோன்றவில்லை. புதுச் சாக்கு வாங்கி, உள்ளே உமி அடைத்து, நெருக்கித் தைத்து மெத்தை பண்ணினேன். எனக்கொன்று, ரூபாவுக்கொன்று. நூல் மிச்சம் இருந்ததால் இன்னொன்று. துணி மிச்சம் இருந்ததால் சின்னதாக ஒன்று, மூன்றரை அடிக்கு.

ஒத்திகை பார்க்காமல் போகக் கூடாது என்று செல்வினிடம் சொல்லி, ஒரு நாள் மத்தியானம் பிளாண்டில் பத்துப் பாரைச் சேர்த்து அடுக்கிக் கட்டில் போட்டோம். அதன் மேல் மெத்தை. ரூபா ரெண்டு ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லா மாட்டி, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தாள். ஏற்றுகிற ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன், "அக்காவைப் படகுல ஏத்தணுமா, லாரியிலயா?" என்கிறான். ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவாள் என்று பார்த்தால் குறட்டை. அறுபது வருஷத்தில் இப்படித் தூங்கியதில்லை என்று எழுந்து சொல்கிறாள்.

நான் மெத்தை இல்லாத பக்கம் படுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. பதினோரு நிமிஷம். அதற்கப்புறம் ரெண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. ஆக மெத்தை வேலை செய்கிறது என்று நிரூபணமாகிவிட்டது. அந்தச் சின்ன மெத்தைக்குள் ஒரு சொம்பு வெந்நீரைச் சுற்றி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன். சூடு அப்படியே இருந்தது. ஐந்து வயசு உடம்புக்குத் தாராளமாகத் தாங்கும். ஏதோ ஒரு ஐந்து வயசு உடம்புக்கு, பொதுவாகச் சொல்கிறேன்.

ஏஜெண்டு என்னடாவென்றால், "சார், உமியெல்லாம் பிளேன்ல ஏத்த மாட்டான். விதைன்னு பிடிப்பான்," என்கிறான். சரி, சாக்கை மட்டும் கொண்டுபோய் அங்கே வைக்கோல் அடைத்துக்கொள்கிறேன். மாடு இல்லாத ஊரா அது?

இப்படி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்து, வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தது. விசா இல்லை என்று விட்டார்கள். எங்கள் ரெண்டு பேருக்குமே.

காரணம் என்ன தெரியுமா? இந்தப் பத்திதான். இதே பத்தி. "அந்த நாட்டில் உங்களுக்கு உறவினர் எவரேனும் உள்ளனரா?" நான் "யாருமில்லை" என்று எழுதினேன். இவள் அவள் தாளில் மகள் என்று எழுதி, பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏஜெண்டு என்னைப் பிடித்துக் கத்துகிறான். "சார், ஒரே வீட்லருந்து ரெண்டு பேர் போறீங்க. அம்மாவுக்கு மகள் இருக்கு. உங்களுக்கு இல்ல. அதை வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"அது குடும்ப விஷயம். அவனுக்கு எதுக்கு?"

"மறுபடி போடணும்னா மகள்கிட்டருந்து அழைப்புக் கடிதம் வேணும். இந்த இடத்துல அவங்க பேரை எழுதணும். எழுத இஷ்டமில்லைன்னா விட்ருங்க, அம்மா மட்டும் போகட்டும்."

அம்மா மட்டும் போகட்டுமாம். திட்டம் போட்டது நான். மெயில் போட்டது நான். மெத்தை தைத்தது நான்.

அன்றைக்குச் சாயங்காலம் ரூபா குழாயைத் திறக்கவில்லை. என் முன்னால் கூடத்தில் உட்கார்ந்தே மகளுக்குப் போன் போட்டுக் கடிதம் கேட்டாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஒரு தடவை உங்க குடலிறக்கத்துக்காக இருந்தேன். இந்தத் தடவை இருக்க மாட்டேன். என் தாளை நான் எழுதியாச்சு. உங்க தாளை எழுதுறதும் எழுதாததும் உங்க இஷ்டம். பதினேழாம் தேதி நான் அங்க இருப்பேன்." முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் எழுந்து மீட்டர் பார்க்கப் போனேன்.

கடிதம் ரெண்டு வாரத்துக்கு முன்னால் வந்தது. ரூபா அதை அச்செடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் என் காப்பி டம்ளரை வைத்தாள். நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன், திரும்ப அதன் மேலேயே வைத்தேன். ஒரு வாரம் இப்படி. கடிதத்தில் வட்டம் வட்டமாகக் காப்பிக் கறை. எட்டாம் நாள் அவள் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வாசித்தேனா என்றா கேட்கிறீர்கள்? எதற்கு வாசிக்க வேண்டும்? அழைப்புக் கடிதம் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். யாரை அழைக்கிறார்களோ அவர்கள் பெயர் இருக்கும். ஒரு பெயர் இருந்தால் ஒரு பெயர். ரெண்டு இருந்தால் ரெண்டு. நான் முதலில் என் தாளில் யாருமில்லை என்று எழுதியது கடிதம் போட்டவளுக்குத் தெரியும். ரூபா சொல்லியிருப்பாள், இவள் எதை விட்டாள். அதே வார்த்தையை அவளும் திருப்பி எழுதியிருந்தால் நான் என்ன குறை சொல்ல முடியும்?

செங்கல்பட்டு ஏரி வந்துவிட்டது. தண்ணீர் நிறையக் கிடக்கிறது பாருங்கள்.

சரி டீச்சர், எழுதிவிடுவோம். தங்கும் இடம், ஐஸ் ஹோட்டல். அறை எத்தனை பேருக்கு? நாலு. நாலு என்றே போடுங்கள். இப்போது அந்தப் பத்தி. உறவினர் எவரேனும் உள்ளனரா? ஆம் என்கிற கட்டத்தில் டிக் போடுங்கள். உங்களுக்குத்தான் டிக் போட்டுப் பழக்கமாயிற்றே.

பெயர் எப்சிபா. வேதத்தில் வருகிற பெயர். நான்தான் வைத்தேன். ரூபா வேறு பெயர் யோசித்து வைத்திருந்தாளாம், எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே போய்ப் பதிந்துவிட்டேன், ரெண்டு நாள் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பழகிவிட்டது. நல்ல பெயர்தானே?

உறவுமுறை மகள். பிறந்த தேதி ஆகஸ்ட் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு பதினெட்டு, நல்ல மழை. அதெல்லாம் கேட்கவில்லையா? சரி, தேதி மட்டும் போதும். போன் நம்பர், நாற்பத்தேழு முதலில் போடுங்கள், அப்புறம் எட்டு எண், சொல்கிறேன். இல்லை, பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம்தான். அடுக்களைக் காலண்டரில் ரூபா எழுதி வைத்திருக்கிறாள், தினமும் கண்ணில் படுகிறது, என்ன செய்வது? கூப்பிட்டதெல்லாம் இல்லை. ஒரு தடவை கூப்பிட்டேன், மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன்.

பயணத்தின் நோக்கம் கடிதத்தில் இருக்கிறபடி எழுத வேண்டும் என்றா போட்டிருக்கிறது? வார்த்தைக்கு வார்த்தையா?

கடிதம் ரூபாவின் பையில் இருக்கும். அவளை எழுப்ப வேண்டும். அட, பாருங்கள், கையிலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தூக்கத்தில் பிடி தளர்ந்திருக்கும். மெதுவாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுத்தால் முழித்துவிடுவாள். நீங்களே வாசியுங்கள். மனசுக்குள் வாசித்துவிட்டு எழுதினாலும் போதும். இல்லை, சத்தமாகவே வாசியுங்கள். இங்கிலீஷை விடுங்கள், தமிழில் சொல்லுங்கள்.

ஒன்று, ரூபாவதி, தாய். சரி. அது தெரிந்ததுதான்.

இரண்டு என்று ஒன்று இருக்கிறதா?

ஞானசிகாமணி. தகப்பனார். அப்படியா போட்டிருக்கிறாள்? அந்த இடத்தில் காப்பிக் கறை இல்லையே? தெளிவாக இருக்கிறதா? இன்னொரு தடவை வாசியுங்கள் டீச்சர்.

சரி. சரி. மேலே வாசியுங்கள்.

நோக்கம். "என் அப்பா முப்பத்தொரு வருடம் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்தவர். அவர் ஐஸ் ஹோட்டலில் ஒரு இரவு தங்குவதற்காகவே வருகிறார். போகிற வழியில் எங்கள் வீட்டில் இருப்பார்." கேட்டீர்களா? ஐஸ் ஹோட்டலுக்காகவே என்று எழுதியிருக்கிறாள். நான் என்ன சொல்லிக்கொண்டு வருகிறேன் இவ்வளவு நேரம்? ஊரில் ஒருத்தனுக்கும் விளங்காதது அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளாகவே எழுதியிருக்கிறாள்.

இன்னும் ஒரு வரியா? என்ன?

"அவரையும் சேர்த்து நாங்கள் ஐந்து பேரும் அங்கே தங்குவோம்."

ஐந்து பேரா? பார்த்தீர்களா டீச்சர்? இதைத்தான் சொன்னேன். நாலு கட்டில் போட்ட அறையை வைத்துக்கொண்டு நான் ஐந்து பேரை எங்கே படுக்க வைப்பேன்? ஹோட்டல்காரனுக்கு மறுபடி மெயில் போட வேண்டும், ஐந்தாவது கட்டிலைச் செதுக்கச் சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டுக் கடைசியில் அப்பனிடம் சொல்வது. அன்றைக்கும் இப்படித்தான். இன்றைக்கும் இப்படித்தான். மாறவே மாட்டாள்.

எழுதிய நாலை என்ன செய்யலாம்? அந்தப் பிள்ளைக்குச் செய்தீர்களே, அந்த மாதிரி அடித்து ஐந்து போட்டுவிடுங்கள்.

கையெழுத்தை நான் போடுகிறேன். அதற்குக் கண்ணாடி வேண்டாம்.

ஏய் ரூபா, தூங்கினது போதும், தாம்பரம் வரப்போகுது, எழும்பு. இன்னொரு சாக்கு தைக்கணும். அந்தப் பையன் எத்தனை அடி உயரம்னு கேட்டுச் சொல்லு.